இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதே

என் கண்ணுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது, என் முழங்கால் வலி விடவில்லை. எல்லாரும் சுகம் என்று எழுத இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை, ஆகவே சுகம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. கண்ணில் புரை முற்றிவிட்டதால் ஜன்னலோரம் போய் நின்று, தாளை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு படித்தேன். முதல் தடவை படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளை கார் வாங்கப் போகிறான், அதிலே அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கண் ஆபரேஷன் செய்து கூடவே வைத்துக்கொள்ளப் போகிறான் என்றால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? இரண்டாம் தடவை படித்தபோதுதான் கடைசிப் பக்கத்தில் நெருக்கி எழுதியிருந்த நாலு வரி தெரிந்தது. அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் போய்ப் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே கடைப் போனில் பேசினால் கடைக்காரர், காப்பி குடிக்க வந்தவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர் எல்லாரும் சேர்ந்துதான் கேட்பார்கள். இது அப்படி நாலு பேர் காதில் விழக்கூடிய சங்கதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அந்த நாலு வரியை நீயே மறந்திருப்பாய், சந்தோஷத்தில் எழுதியது. நான் திருப்பி எழுதுகிறேன். "ஞாயித்துக்கிழமை உன்னை ஏத்திக்கிட்டு மலை இறங்கும்போது, அப்பா அன்னைக்குச் செஞ்ச மாதிரியே சாவியை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல விட்டுப் பறக்கப் போறேன். பிள்ளைங்க ரெண்டும் பின்னாடி உட்கார்ந்து கை தட்டட்டும். எனக்குக் கிடைச்ச சந்தோஷம் அதுங்களுக்கும் ஒரு தடவை கிடைக்கட்டும் அம்மா." இதைத்தான் எழுதியிருக்கிறாய். நீ வாங்கப் போகிற கார் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்கிறவரிடம் இருந்தது என்றும், நீளமான கார், பின்பக்கம் டிக்கிக்குப் பதிலாக ஒரு சின்ன அறை அளவுக்கு இடம் என்றும், ஜப்பான் எஞ்சின் மாற்றிப் போட்டிருக்கிறது, தொட்டால் பறக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். குடும்பத்துக்கு ஏற்ற வண்டி, அதே சமயம் ஓட்டுகிறவனுக்கும் அலுக்காத வண்டி என்று மருமகளிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருப்பாய். உன் அப்பாவும் என்னிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். அதனால் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

உனக்கு அப்போது ஒன்பது வயது, உன் தங்கச்சிக்கு ஆறு. அப்பா நாகலூர் பக்கத்து காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். கணக்குப் பார்ப்பது, ஆள் பார்ப்பது, எஸ்டேட் ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் போய்வருவது எல்லாம் அவர்தான். எஸ்டேட்டை விற்றுவிட்டு வெளிநாட்டுக்கே போய்விட்ட முதலாளி தன் காரை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. கப்பலில் வந்த வண்டி, உதிரி பாகம் கிடைக்காது என்று சேலத்தில் ஒருத்தரும் அதைச் சீந்தவில்லை. அதனால்தான் அது மலிவு விலைக்கு நம் வாசலுக்கு வந்தது. கரும்பச்சை நிறம், பின்னால் மேலே தூக்கித் திறக்கிற கதவு, முன்னால் இருக்கிற எஞ்சின் மட்டும் ரெண்டு காருக்குப் போதும் என்பார்கள். முதல் நாள் அதைப் பார்க்கப் பக்கத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். "ஏனுங்க ரைட்டரே, இது காருங்களா, வேனுங்களா?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "குடும்ப வண்டிங்க. ஆனா கழுதைக்குக் குதிரைக் காலு வெச்ச மாதிரி" என்றார் உன் அப்பா. அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதே குறைவு. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்திருந்தது. ஆரஞ்சுக் கூடையும் பலாப்பழமும் பஸ்ஸின் மேலே ஏற்றி, கீழே இறக்கி, அதில் பாதி நசுங்கிப் போய்ச் சேரும் பிழைப்பு அதோடு முடிந்தது. பின்னால் ஜமுக்காளம் விரித்து உங்கள் இரண்டு பேரையும் போட்டுவிட்டால், மல்லாந்து படுத்து மரங்கள் தலைகீழாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வருவீர்கள். உன் தங்கச்சிக்குப் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும். அந்த வண்டியில் ஒரு நாளும் வந்ததில்லை. உன் அப்பா காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்னால் வண்டியைத் துடைப்பார். தலைக்கு எண்ணெய் வைக்கவே சோம்பல்படுகிற மனுஷர், வண்டி எடுக்கிற நாளில் படிய வாரிக்கொள்வார். ஏற்காட்டு ஏரியைச் சுற்றி ஒரு தடவை நம்மைக் கூட்டிக்கொண்டு போய், நேர் ரோடு வந்ததும் மிதித்தார் பார், என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நான் திட்டினேன், ஆனால் சிரித்துக்கொண்டுதான் திட்டினேன். முப்பத்தைந்து வயதுக்குள் கிழவனாகிப்போன ஒருத்தருக்கு அந்த வண்டி கொஞ்சம் வயசைத் திருப்பிக் கொடுத்தது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அப்புறம் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு அவருக்கு அந்த வண்டி பிடிக்கவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

நம் மலையில் வண்டி ஓட்டுகிறவர்களின் பழக்கம் உனக்குத் தெரியும். ஏறும்போது வண்டி குடிக்கிற பெட்ரோலை நினைத்து வயிறெரிந்து, இறங்கும்போது சாவியை அணைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, சும்மா உருட்டிக்கொண்டே அடிவாரம் வரைக்கும் போவார்கள். பெட்ரோல் விலை ஏறின பிறகு ஜீப்பு, வேன், லாரி எல்லாருக்கும் அதுதான் சாமர்த்தியம். இறக்கத்தில் எஞ்சின் ஓட்டுகிறவனைக் கைக்காசைக் கரியாக்குகிறவன் என்று கேலி செய்வார்கள். உன் அப்பா எஸ்டேட் ஜீப்பை வருஷக்கணக்கில் அப்படித்தான் இறக்கினார். அந்த ஜீப்புக்கு எஞ்சின் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். மிதிக்கிற காலின் பலம்தான் பிரேக். ஒரு கீறல்கூட விழாமல் இறக்கியவர் அவர். அதனால் அவர் செய்தது கிறுக்குத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்த வேலையைத் தெரியாத வண்டியில் செய்தார், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சேலத்தில் உன் சின்ன மாமன் கல்யாணம். அதற்கு முன்னால் அந்த வண்டியில் மலை இறங்கினபோதெல்லாம், புது வண்டி என்று பயந்து எஞ்சினை ஓடவிட்டுத்தான் இறங்கியிருந்தார். அன்றைக்குக் கிளம்பும்போதே பெட்ரோல் முள் கீழே படுத்திருந்தது. ஏற்காட்டில் நிரப்பலாம் என்றேன். "கீழ போயி நெரப்பிக்கலாம் அம்மிணி, எறக்கத்துல எதுக்குப் பெட்ரோலு?" என்றார். முன் சீட்டில் நான் பட்டுப்புடவை, மடியில் தண்ணீர்க் கூஜா. அவர் புது வேட்டி. பின்னால் நீயும் தங்கச்சியும். டவுன் தாண்டி, மலை இறங்க ஆரம்பிக்கிற இடத்தில் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. நீ பின்னாலிருந்து, "அப்பா, வண்டி தூங்கிருச்சா?" என்று கேட்டாய். "தூங்கலடா கண்ணு, மெதக்குது" என்றார்.

முதல் வளைவு நன்றாகத்தான் போனது. அடுத்ததும் போனது. அதற்கப்புறம் அவர் பிரேக்கை மிதித்தபோது மிதி இறங்கவில்லை. எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் புருஷன் தொடை தெரியாமலா போகும்? வேட்டிக்குள் அது இறுகி நடுங்கியது. குனிந்துகொண்டே, உங்கள் காதில் விழாதபடி, "பிரேக்குப் புடிக்கல அம்மிணி" என்றார். ஜீப்பைப் போல ரெண்டு மடங்கு கனம் அந்த வண்டி. கியரைப் போடப் பார்த்தார், கரகரவென்று கத்தியது, விழவில்லை. சாவியைத் திருப்ப வேண்டுமானால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். வளைவுக்கு வளைவு வந்துகொண்டே இருந்ததால் கையை எடுக்க முடியவில்லை. கைப் பிரேக்கை நான்தான் இழுத்தேன், இழுக்கத் தெரியாமல் இழுத்தேன், கருகின வாடை வந்ததே தவிர வேகம் குறையவில்லை. சாவி அணைந்திருந்ததால் ஹார்னும் அடிக்கவில்லை. அவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து, இரண்டு காலையும் சேர்த்து மிதியின் மேல் நின்றார்.

இதைத்தான் நீ, "அப்பா எழுந்து நின்னுக்கிட்டே ஓட்டுனாரு" என்று உன் சிநேகிதர்களுக்கெல்லாம் சொல்வாய்.

உன் தங்கச்சி முனக ஆரம்பித்தாள். அவள் அழுதால் நீயும் அழுவாய், நீங்கள் இரண்டு பேரும் கத்தினால் அவர் கை தடுமாறும், அதோடு எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. எதை நினைத்து அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. திரும்பி உங்களைப் பார்த்து, "அப்பா பறக்கறாரு பாருங்க சாமி! கை தட்டுங்க, நொம்ப நல்லா தட்டுங்க!" என்று கத்திக்கொண்டே கை தட்டினேன். நீ உடனே தட்டினாய். அவளும் தட்டினாள். "ஓ" என்று கூச்சல் போட்டீர்கள். ஓரமாக விறகுச் சுமையோடு ஏறிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் ஒதுங்கினார்கள். ஹார்ன் இல்லாத வண்டிக்கு நாம்தான் ஹார்ன். என் கை தட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது, உள்ளே நான் உங்கள் இரண்டு பேரின் முகத்தையும் கடைசியாகப் பார்க்கிறதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மேல்வரிசைப் பல்லில் ஒன்று விழுந்து ஓட்டை தெரிந்தது. உன் தங்கச்சியின் தலையில் கனகாம்பரம் ஒரு பக்கமாக நழுவித் தொங்கியது. அவ்வளவு துல்லியமாக நான் எதையும் அதற்கப்புறம் பார்த்ததில்லை, கண் நன்றாக இருந்த காலத்திலும்.

ரோடு போடுவதற்கு மலைப் பக்கமாக ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்து வண்டியைத் திருப்பினார். குவியலின் மேல் ஏறி, மூக்கைத் தூக்கிக்கொண்டு, வண்டி நின்றது. உனக்கு அது விளையாட்டின் முடிவு. "இன்னொரு தடவைப்பா!" என்றாய். ஸ்டியரிங்கிலிருந்து அவர் விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், புது வேட்டி மடியிலிருந்து முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை கண்ணு. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் நீ பாதிதான் நம்புவாய். கீழேயிருந்து பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. நீ பின்னாலிருந்து முன் சீட்டுக்குத் தாவப் போனாய். நான் கூஜாவைத் திறந்து, இருந்த தண்ணீரையெல்லாம் அவர் தலையில் கவிழ்த்தேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஜெயித்து வந்தவருக்கு அம்மா அபிஷேகம் செய்தாள் என்று உன் கல்யாணத்தில்கூடச் சொன்னாய். அவரும் தலையை உதறிக்கொண்டு சிரித்தார், அல்லது அழுதார், முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் எனக்கே தெரியவில்லை. பஸ் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தெரிந்தவர். "என்னங்க ரைட்டரே, ஜல்லி மேல ஏத்திட்டீங்க? அடி கிடி பட்டுதுங்களா?" என்று இறங்கி ஓடி வந்தார். உன் அப்பா உங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க. பசங்க வேகமா போ வேகமா போன்னாங்க. ஒரு வேடிக்கை காட்டுனேன்" என்றார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "அப்ப ரேஸ் ரைட்டருன்னு சொல்லுங்க!" என்றார். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கித் தள்ளி வண்டியை ரோட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் அடிவாரம் வரைக்கும் இறக்கினார். நீ வழியெல்லாம் வேகமாகப் போகச் சொல்லி நச்சரித்தாய். ஈர வேட்டியோடு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தபோது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது கொட்டிவிட்டது என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, வாசலில் நின்ற வண்டியில் தனியாக உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். "இங்க உக்காரு அம்மிணி. இந்த மிதியில காலை வெய்யி." எஞ்சின் ஓடவில்லை. ஒரு தடவை மிதிக்கச் சொன்னார், இறங்கியது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அப்புறம் மிதி கல்லாகிவிட்டது, என் முழு பலத்தையும் போட்டாலும் அசையவில்லை. "காலை எடுத்துராத" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமினதும், நான் அழுத்தாமலே, என் காலுக்குக் கீழே மிதி தானாக இறங்கியது. யாரோ உள்ளேயிருந்து இழுத்துக்கொண்ட மாதிரி. "பாத்தியா? எஞ்சின் ஓடுனாத்தான் இதுக்குப் பிரேக்கு. அணைச்சிட்டா, அது சேத்து வெச்ச பலத்துல ரெண்டு மூணு மிதிதான். நான்தான் அணைச்சேன், நானே அணைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம், "பசங்களுக்குத் தெரிய வேண்டாம் அம்மிணி. ஊட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். சரி என்றேன். அந்த வார்த்தையை இத்தனை வருஷம் காப்பாற்றினேன், இன்றைக்கு உடைக்கிறேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் அவரையே சொல்லச் சொல்லி மல்லுக்கு நின்றிருப்பேன். இல்லாமல் போய்விட்டார், அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்கிற மாதிரி இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

வண்டியை விற்றபோது நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. "அம்மாதான் வித்துட்டா, அவளுக்குக் கஞ்சத்தனம்" என்று அழுதாய். காலேஜ் படிக்கிறபோது ஒரு சண்டையில், "எங்க சந்தோஷம் எதுவுமே உனக்குப் புடிக்காது, அந்தக் காரை வித்தவதானே நீ" என்று கேட்டாய். உன் அப்பா பக்கத்தில்தான் இருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விற்றது அவர். வாங்கினவரிடம், இறக்கத்தில் அணைக்கவே கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த ஆளுக்கும் இவர் ரேஸ் ரைட்டர்தான், பணிவுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பான்.

அந்தப் பெயர் அவரை விடவே இல்லை. பஜாரில், பஸ்ஸில், சம்பள நாளில் எல்லாரும் அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு மட்டும் தெரியும். நீ லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்த வருஷம், மலை இறங்கும்போது ரெண்டாவது கியரில்தான் இறக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும் என்று உன்னிடம் சொன்னார். நீ சிரித்துவிட்டு, "நீங்களே பறந்தவரு, எனக்கு மட்டும் மாட்டு வண்டியாப்பா?" என்றாய். அவர் வாயைத் திறந்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "அது அந்தக் காலம்டா" என்று சொல்லி முடித்துவிட்டார். உன் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் நடுவில் நீ மைக்கைப் பிடித்து அந்தக் கதையைச் சொன்னபோது, அவர் பந்திக்கு இலை போட்டார்களா என்று பார்க்கப் போனார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். யாரும் இல்லாத பந்தியில், இலைக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "பெருமையாச் சொல்றான் அம்மிணி" என்றார். "அதுலதான் அவனுக்கு அப்பன் இருக்கான். எடுத்துட்டா என்ன மிச்சம்?" என்றார்.

அதற்குப் பதில் எனக்கு இப்போதுதான் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். பறந்த அப்பன் ஒருத்தன் இல்லவே இல்லை கண்ணு. இருந்தது வேறொருத்தர். உடம்பெல்லாம் நடுங்கி, மூத்திரம் போனதுகூடத் தெரியாமல், அப்போதும் ஸ்டியரிங்கை விடாமல், பள்ளத்துப் பக்கம் போகவிடாமல், மலைப் பக்கத்து ஜல்லியைத் தேடிப் பிடித்து உங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினவர். பயமே இல்லாத ஒருத்தரை நீ கொண்டாடிக்கொண்டிருந்தாய். பயந்துபோய்க் காப்பாற்றினவரோடுதான் நான் காலமெல்லாம் குடித்தனம் செய்தேன். எனக்கு அவரைத்தான் பிடிக்கும். நீயும் அவரைத் தெரிந்துகொள்ளாமல் போனால் எனக்குத் தாங்காது. இதைப் படித்துவிட்டு அவரைப் பற்றிக் குறைவாக நினைத்தாயானால், ஞாயிற்றுக்கிழமை நீ வரவே வேண்டாம், நான் பஸ்ஸிலேயே வந்துகொள்கிறேன்.

காரை வாங்காதே என்று சொல்லவில்லை. வாங்கு. பின்னால் அவ்வளவு இடம் இருந்தால் என் முழங்காலை நீட்டிக்கொள்வேன், பிள்ளைகளுக்கும் வசதி, மருமகளும் மூட்டை முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டியதில்லை. ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன்னால், நான் சொன்ன மாதிரி எஞ்சினை அணைத்துவிட்டு மிதியை மிதித்துப் பார். கல்லாகிற வரைக்கும் மிதி. அப்புறம் காலை எடுக்காமல் சாவியைப் போடு. உன் காலுக்குக் கீழே அது இறங்கும்போது உன் அப்பா வாசலில் உட்கார்ந்து என்ன புரிந்துகொண்டார் என்று உனக்கும் புரியும். பந்தயக்காரர் எஞ்சினை மாற்றியிருக்கிறார் என்றால், அந்த எஞ்சின் ஓட்டுகிற வேகத்தை நிறுத்துவதற்கு ஏற்றபடி பிரேக்கையும் மாற்றினாரா என்று கேள். வெட்கப்படாமல் கேள். முன்னால் இருக்கிறதைப் பார்த்து மயங்கி வாங்குவதில் நம் வீட்டு ஆண்கள் கெட்டிக்காரர்கள். பிள்ளைகளைப் பின்னால் ஜமுக்காளத்தில் உருட்டிவிடாதே, பெல்ட் இருக்கிற சீட்டில் உட்கார வை. இவ்வளவும் கிழவிக்கு எப்படித் தெரியும் என்று மருமகள் கேட்டால், "உன் மாமனார் சொல்லிக் கொடுத்தார்" என்று அவளிடம் சொல். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். எனக்கென்னவோ காட்டலாம் என்றுதான் தோன்றுகிறது. உன் தங்கச்சிக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் நம்பி விடமாட்டேன். பக்கத்து வீட்டு டீச்சரின் தம்பி நாளைக்குக் கோயம்புத்தூர் போகிறான், உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கடைக்கு ஒரு போன் போடு. "படிச்சேன்" என்று மட்டும் சொன்னால் போதும், வேறொன்றும் பேச வேண்டாம். அன்றைக்கு ராத்திரி நான் தூங்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. துணிமணி கட்டி வைத்திருப்பேன். அந்தக் கூஜாவையும் எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, தண்ணீர் ஒழுகவில்லை. வழியில் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கலாம். நான் முன் சீட்டில்தான் உட்காருவேன், உன் காலைப் பார்த்துக்கொண்டுதான் வருவேன், அதற்குக் கண் இவ்வளவு தெரிந்தால் போதும். பிள்ளைகள் பாட்டியைக் கை தட்டச் சொல்லிக் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். இறங்குகிற வழியில் எங்கேயாவது நான் கை தட்டுகிற சத்தம் கேட்டால், அம்மா சந்தோஷமாக இருக்கிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதே சாமி. எந்தப் பக்கம் ஜல்லி இருக்கிறது என்று பார்.

உன் அம்மா